வேகமும் திறனும்: இந்திய அமெச்சூர் வானொலி விதிகளில் மோர்ஸ் தேர்வும் தாழ் அதிர்வெண் மெது மோர்ஸும் – தியாகராய நகரை முன்வைத்து

ஆய்வுச் சுருக்கம்

இந்திய அமெச்சூர் வானொலி உரிமங்களில், மோர்ஸ் குறியீட்டை எவ்வளவு விரைவாகக் கேட்டு எழுத முடியும் என்பது அலைபரப்பிக்கு அனுமதிக்கப்படும் திறனைத் தீர்மானிக்கும் அளவுகோல்களுள் ஒன்றாக நெடுங்காலம் இருந்தது. தாழ் அதிர்வெண் பட்டைகளில் வளர்ந்த மெது மோர்ஸ் முறை இதற்கு நேர் எதிரான உறவை முன்வைக்கிறது. அங்கு வேகத்தைக் குறைப்பவருக்குக் குறைந்த திறனே போதுமானது. 1978ஆம் ஆண்டு விதிகள் வகுத்த திறன் வரம்புகளை ஒரு புள்ளிக்குரிய ஆற்றலாக மாற்றிக் கணக்கிட்டு, அவ்வரம்புகளின் வரலாற்றுப் பின்னணியை இக்கட்டுரை ஆராய்கிறது. நெருக்கமான குடியிருப்புப் பகுதியாகிய தியாகராய நகர் இவ்வாய்வுக்கு எடுத்துக்காட்டுக் களமாகக் கொள்ளப்படுகிறது.

திறவுச்சொற்கள்: அமெச்சூர் வானொலி, மோர்ஸ் குறியீடு, மெது மோர்ஸ், நெட்டலை, திறன் வரம்பு, தியாகராய நகர்.

1. முன்னுரை

தமிழகத்தின் வானொலி வரலாற்றை எழுதியோர் பெரும்பாலும் ஒலிபரப்பு நிலையங்களையும் நிகழ்ச்சிகளையும் முதன்மைப்படுத்தியுள்ளனர். வீட்டின் ஓர் அறையில் அமர்ந்து தானே அலைபரப்பியை இயக்கிய தனிமனிதரின் வரலாறு அதில் ஓரமாகவே நிற்கிறது. அவரைக் கட்டுப்படுத்திய இரு எண்களாவன: நிமிடத்துக்கு எத்தனை சொல், எத்தனை வாட். முதலாவது அவருடைய பயிற்சியை அளந்தது. இரண்டாவது அவருடைய குரல் எட்டும் தொலைவை வரையறுத்தது.

இவ்விரு எண்களையும் சட்டம் ஒரே ஏணியில் பிணைத்தது. வேகம் கூடினால் திறன் கூடும் என்பது அந்த ஏணியின் விதி. இயற்பியல் கூறும் உறவு இதுவன்று. இரைச்சலுக்கிடையே ஒரு குறியை அடையாளம் காண உதவுவது அக்குறி சுமந்துவரும் ஆற்றல். ஆற்றல் என்பது திறனும் காலமும் பெருக்கிய தொகை. திறன் குறைந்தவர் காலத்தை நீட்டி அக்குறையை ஈடுசெய்யலாம். இவ்வாய்ப்பைச் சட்டம் ஏன் கணக்கில் கொள்ளவில்லை, பிற்காலத்தில் அது எவ்வழியாக நடைமுறைக்கு வந்தது என்னும் இரு வினாக்களுக்கு இக்கட்டுரை விடை தேடுகிறது.

2. சென்னையில் சிறுதிறன் அலைபரப்பின் தொடக்கம்

சென்னையின் வானொலி வரலாறு சிறிய திறனில் தொடங்கியது. 1924 மே 16 அன்று சென்னை மாகாண வானொலிச் சங்கம் உருவானது. அதனை முன்னின்று நிறுவியவர் சி. வி. கிருஷ்ணசாமி செட்டி. இங்கிலாந்திலிருந்து கொண்டுவந்த உறுப்புகளைக் கொண்டு அமைத்த 40 வாட் அலைபரப்பியே சங்கத்தின் முதல் கருவி. அவ்வாண்டு ஜூலை 31 அன்று ஒலிபரப்பு தொடங்கியது. பின்னர் 200 வாட் அலைபரப்பி பயன்பாட்டுக்கு வந்தது. பொருள் நெருக்கடியால் 1927இல் சங்கம் செயலிழந்தபோது அதன் கருவி சென்னை மாநகராட்சிக்குச் சென்றது. 1930 ஏப்ரல் 1 முதல் மாநகராட்சியே ஒலிபரப்பை நடத்தியது. 1938 ஜூன் 16 அன்று அகில இந்திய வானொலியின் சென்னை நிலையம் தொடங்கும்வரை அது நீடித்தது.

தியாகராய நகர் உருவானதும் இதே பத்தாண்டில்தான். மாம்பலத்தை ஒட்டியிருந்த நெடிய ஏரியின் படுகையில் 1920களில் மாநகராட்சி அமைத்த குடியிருப்பு அது. மாநகராட்சித் தலைவராக இருந்த பிட்டி தியாகராயரின் பெயரை அது பெற்றது. ஏரியைத் தூர்த்து மனைகள் பிரித்த உள்ளாட்சி அமைப்பும், 200 வாட் அலைபரப்பியை ஏற்று நடத்திய அமைப்பும் ஒன்றே. நகர விரிவாக்கமும் வானொலியும் ஒரே நிர்வாகத்தின் கைவழி வளர்ந்தன என்பது கருதத்தக்கது. அந்த ஏரிப் படுகையின் மண் இக்கட்டுரையின் பிற்பகுதியில் மீண்டும் இடம்பெறும்.

3. நெட்டலையிலிருந்து வெளியேற்றம்

சென்னைச் சங்கம் தோன்றுவதற்கு முன்பே, அமெச்சூர்களுக்கு எந்த அலைநீளம் உரியது என்னும் வழக்கு அமெரிக்காவில் தீர்க்கப்பட்டுவிட்டது. தொடக்ககால வானொலி நெட்டலையைச் சார்ந்தது. அலைநீளம் கூடக்கூடத் தொடர்பின் தொலைவும் கூடும் என்று பொறியாளர் நம்பினர். 1912இல் அமெரிக்கா இயற்றிய வானொலிச் சட்டம் அமெச்சூர்களை 200 மீட்டருக்கும் அதற்குக் குறைவான அலைநீளங்களுக்கும் ஒதுக்கியது. பயனற்றதாகக் கருதப்பட்ட பகுதியையே அது அவர்களுக்கு அளித்தது. ஆனால் 1921 டிசம்பரில் அமெச்சூர்களின் குறிகள் அட்லாண்டிக்கைக் கடந்தன. 1923 நவம்பரில் இருவழித் தொடர்பும் நிறைவேறியது. ஒதுக்கப்பட்ட பகுதியே சிற்றலை என்னும் பெருவெளியாக மாறியது. இந்தியாவில் அமெச்சூர் வானொலி 1921இல் அமரேந்திர சந்திர குப்தாவுடன் தொடங்கியது இக்காலச் சூழலில்தான்.

நெட்டலைகளும் அவற்றை ஒட்டிய பகுதிகளும் அரசுக்கும் கப்பல்களுக்கும் உரியவையாக நிலைபெற்றன. வி.டபிள்யூ.எம். என்னும் அழைப்புக்குறி கொண்ட சென்னைக் கடற்கரை நிலையம் கப்பல்களுடன் மோர்ஸில் பேசியது. 500 கிலோஹெர்ட்ஸ் அனைத்துலக ஆபத்துக்கால அதிர்வெண்ணாக இருந்தது. அதில் ஒவ்வொரு மணியிலும் 15ஆம் நிமிடத்திலும் 45ஆம் நிமிடத்திலும் தொடங்கி மும்மூன்று நிமிடம் எல்லா நிலையங்களும் மௌனம் காத்தன. உயிர்காப்புப் படகிலிருந்து வரும் மெலிந்த குறியும் காதில் விழ வேண்டும் என்பதே அதன் நோக்கம். மெலிந்த குறிக்கு வழிவிட இருவகை முறைகள் உண்டு. வலியவர் அமைதி காப்பது ஒன்று. மெலிந்தவர் தம் குறியை நீட்டுவது மற்றொன்று. கடல்சார் வானொலி முதல் முறையைச் சட்டமாக்கியது. 1999 பிப்ரவரி 1 அன்று புதிய கடற்பாதுகாப்பு முறை முழுமையாக நடைமுறைக்கு வந்தபோது 500 கிலோஹெர்ட்ஸில் மோர்ஸ் காவல் முடிவுக்கு வந்தது. இரண்டாம் முறையை வளர்த்தெடுத்தோர் அமெச்சூர்கள்.

4. 1978 விதிகள்: வேகம் என்னும் தகுதி

இந்தியாவில் அமெச்சூர் நிலையம் 1885ஆம் ஆண்டுத் தந்திச் சட்டத்துக்கும் 1933ஆம் ஆண்டுக் கம்பியில்லாத் தந்திச் சட்டத்துக்கும் உட்பட்டிருந்தது. இரண்டாம் உலகப்போர் மூண்டபோது அமெச்சூர் உரிமங்கள் நிறுத்தப்பட்டன. 1942இல் உஷா மேத்தாவும் தோழர்களும் பம்பாயில் நடத்திய தலைமறைவுக் காங்கிரஸ் வானொலி, தனியார் கையிலுள்ள அலைபரப்பி எதைச் செய்யவல்லது என்பதை ஆட்சியாளர்க்கு உணர்த்தியது. விடுதலைக்குப் பின்னரும் உரிமம் வழங்கும் முறை எச்சரிக்கை மிக்கதாகவே தொடர்ந்தது. 1948 மே 15 அன்று மௌ நகரின் சிக்னல் பள்ளியில் தொடங்கிய இந்திய அமெச்சூர் வானொலிக் கழகம், 1954இல் புதுதில்லிக்கு மாறி இந்திய அமெச்சூர் வானொலிச் சங்கமானது. ராணுவச் சிக்னல் மரபின் மடியில் அவ்வியக்கம் தவழ்ந்தது என்பதற்கு அதன் பிறப்பிடமே சான்று.

1978ஆம் ஆண்டின் அமெச்சூர் சேவை விதிகள் உரிமங்களைப் படிநிலைப்படுத்தின. இரண்டாம் நிலை உரிமத்துக்கு நிமிடத்துக்கு 5 சொல் வேகத்தில் மோர்ஸ் குறியை அனுப்பவும் பெறவும் தெரிந்திருக்க வேண்டும். அவர் பயன்படுத்தத்தக்க உள்ளீட்டுத் திறன் 50 வாட். முதல் நிலைக்கு 12 சொல், 150 வாட். உயர்நிலைக்கும் 12 சொல்லே. கூடுதலான கோட்பாட்டுத் தேர்ச்சியுடன் 400 வாட். இரண்டாம் நிலை உரிமம் பெற்றவர் 30 மெகாஹெர்ட்ஸுக்குக் கீழ்ப்பட்ட பட்டைகளில் குரல்வழிப் பேச வேண்டுமாயின், மோர்ஸ் வழியாக 100 தொடர்புகளை நிகழ்த்தியதற்குச் சான்று காட்ட வேண்டியிருந்தது.

ஒரு சொல்லுக்கு ஐந்து எழுத்து எனக் கொண்டால், ஐந்து நிமிடத் தேர்வில் இரண்டாம் நிலையினர் 125 எழுத்துகளையும் முதல் நிலையினர் 300 எழுத்துகளையும் கேட்டு எழுத வேண்டும். அவ்வெழுத்துகள் ஆங்கில எழுத்துகள். தந்தித் துறையிலோ கடற்படையிலோ பணியாற்றியவருக்கு இது தொழிற்பழக்கம். மின்னணுவியல் கற்றவராயினும் மோர்ஸ் பயிற்றுவிப்பார் அருகில் இல்லாத ஒருவருக்கு இதுவே கடக்க முடியாத வாசற்படியாக அமையக்கூடும்.

இதனை இந்திய அரசின் தனி முடிவாகக் கருதுவது பொருந்தாது. 30 மெகாஹெர்ட்ஸுக்குக் கீழ் இயங்கும் அமெச்சூர் மோர்ஸ் அறிந்திருக்க வேண்டும் என்பது அனைத்துலக வானொலி ஒழுங்குமுறையின் கட்டளை. 2003ஆம் ஆண்டு உலக வானொலித் தொடர்பு மாநாடு அக்கட்டளையை நீக்கி, முடிவை அந்தந்த நாட்டிடம் விட்டது. ஆனால் எத்தனை சொல்லுக்கு எத்தனை வாட் என்னும் விகிதத்தை வகுத்தது நாட்டுவிதியே.

5. ஒரு புள்ளியின் ஆற்றல்

மோர்ஸ் வேகத்தைக் கணிக்க 50 கால அலகுகள் கொண்ட சொல்லை மாதிரியாகக் கொள்வது மரபு. ஒரு புள்ளியின் நீளம் ஓர் அலகு. எனவே நிமிடத்துக்கு 12 சொல் என்னும் வேகத்தில் ஒரு புள்ளி 0.1 நொடியும், 5 சொல் வேகத்தில் 0.24 நொடியும் நீடிக்கும். இக்கால அளவுகளை 1978 விதிகளின் திறன் வரம்புகளுடன் பெருக்கினால் ஒவ்வொரு நிலையினரும் தம் தேர்வு வேகத்தில் ஒரு புள்ளிக்குச் செலவிடும் உள்ளீட்டு ஆற்றல் கிடைக்கும்.

இரண்டாம் நிலை: 50 வாட், 0.24 நொடி – 12 ஜூல்.
முதல் நிலை: 150 வாட், 0.1 நொடி – 15 ஜூல்.
உயர்நிலை: 400 வாட், 0.1 நொடி – 40 ஜூல்.

இரண்டாம் நிலைக்கும் முதல் நிலைக்கும் இடையில் திறன் மும்மடங்காகிறது. ஆயினும் ஒரு புள்ளிக்குரிய ஆற்றல் கால் பங்கு மட்டுமே உயர்கிறது. கடும் பயிற்சியால் வேகத்தை இரு மடங்குக்கு மேல் உயர்த்தியவர் தாம் பெற்ற கூடுதல் திறனின் பெரும்பகுதியை அவ்வேகத்துக்கே திருப்பிச் செலுத்துகிறார். நிமிடத்துக்கு 5 சொல் அனுப்பும் எளிய உரிமதாரரின் குறி, 12 சொல் அனுப்பும் முதல் நிலையினரின் குறிக்கு ஏறத்தாழ இணையாக இரைச்சலைக் கடந்து எட்டும்.

விதி வகுத்தோர் இக்கணக்கை எண்ணி வகுத்தனர் எனக் கொள்ள இடமில்லை. அதிகத் திறன் பிறர் தொடர்பில் குறுக்கிடும். ஆகவே அனுபவம் மிக்கவரிடமே அதனை ஒப்படைக்க வேண்டும் என்பது அவர்தம் கருத்தாக இருத்தல் கூடும். அனுபவத்தை அளக்கும் கருவியாக வேகம் கொள்ளப்பட்டது. வேகம் ஒருவருடைய காதின் பயிற்சியைக் காட்டும். அவருடைய அலைபரப்பி அண்டை வீட்டாருக்கு இடையூறு செய்யுமா என்பதைக் காட்டாது.

6. செவியிலிருந்து கண்ணுக்கு

மேற்கண்ட கணக்குக்கு ஒரு வரம்பு உண்டு. மனிதச் செவி ஓர் ஒலியைத் திரட்டிக் கேட்கும் காலம் ஏறத்தாழ நொடியில் ஐந்தில் ஒரு பங்கு. புள்ளியை அதற்குமேல் நீட்டினால் செவிக்குக் கிடைக்கும் ஆதாயம் குறைந்துவிடும். 5 சொல் வேகத்துப் புள்ளி இவ்வெல்லையை ஒட்டியது. செவியே ஏற்பியாக இருந்தவரை அதனினும் மெதுவாக அனுப்புவதால் பெரும்பயன் இல்லை. மெதுவான கை பயிலாத கை என்று கொள்ளப்பட்டதற்கு இதுவும் ஒரு காரணம்.

1990களில் வீட்டுக் கணினிகள் ஒலியை அதிர்வெண் வாரியாகப் பிரித்துத் திரையில் வரைந்து காட்டத் தொடங்கியதும் இவ்வெல்லை தகர்ந்தது. புள்ளியும் கோடும் திரையில் குட்டையும் நெட்டையுமான கீற்றுகளாகத் தெரிந்தன. மெதுவாக அனுப்புக என்பதற்கு வானொலியாளர் வழங்கும் மரபுக்குறி கியூ.ஆர்.எஸ். என்பதாகும். அதனுடன் மேலும் ஓர் எஸ். சேர்த்துக் கியூ.ஆர்.எஸ்.எஸ். எனப் புதுமுறைக்குப் பெயரிட்டனர். இதில் ஒரு புள்ளி 3 நொடியாகவோ, 10 நொடியாகவோ, 30 நொடியாகவோ இருக்கலாம். 3 நொடிப் புள்ளியில் ஒரு சொல்லுக்கு இரண்டரை நிமிடமும், 30 நொடிப் புள்ளியில் 25 நிமிடமும் ஆகும். அந்த 25 நிமிடத்தில் 12 சொல் வேகக்காரர் 300 சொற்களை அனுப்பியிருப்பார்.

இழந்த காலத்துக்கு ஈடாகக் கிடைப்பது ஆற்றல். உயர்நிலை உரிமதாரர் 400 வாட்டில் ஒரு புள்ளிக்குச் செலவிடும் 40 ஜூலை, 30 நொடிப் புள்ளி அனுப்புபவர் ஒன்றேகால் வாட்டுக்குச் சற்று மிகுந்த திறனிலேயே செலவிட்டுவிடுவார். அதற்கு விலையும் உண்டு. குறியின் பட்டை அகலம் ஒரு ஹெர்ட்ஸின் முப்பதில் ஒரு பங்காகச் சுருங்குவதால் அலைபரப்பியின் அதிர்வெண் அசையக்கூடாது. 137 கிலோஹெர்ட்ஸில் அது ஏறத்தாழ நாற்பது லட்சத்தில் ஒரு பங்கு நிலைத்தன்மையைக் கோரும். கையின் விரைவு தேவையற்றுப்போய், கருவியைக் கட்டும் நுட்பம் தேவையாகிறது.

இம்முறை வேரூன்றியது நெட்டலையில். 1990களின் பிற்பகுதியில் ஐரோப்பிய நாடுகள் 136 கிலோஹெர்ட்ஸ் பகுதியை அமெச்சூர்களுக்குத் திறந்தன. 2001இல் அட்லாண்டிக்கைக் கடந்து இப்பட்டையில் நிகழ்ந்த இருவழித் தொடர்பு நிறைவுறப் பல நாட்கள் பிடித்தன. 2007ஆம் ஆண்டு உலக மாநாடு 135.7 முதல் 137.8 கிலோஹெர்ட்ஸ் வரையுள்ள பட்டையை இரண்டாம்நிலைப் பயன்பாடாக அமெச்சூர்களுக்கு ஒதுக்கியது. 2012 மாநாடு 472 முதல் 479 கிலோஹெர்ட்ஸ் வரை ஒதுக்கியது. கப்பல்களின் மௌன நேரம் கடைப்பிடிக்கப்பட்ட 500 கிலோஹெர்ட்ஸுக்கு இது அண்மைப் பகுதி. 1912இல் வெளியேற்றப்பட்டவர் ஏறத்தாழ ஒரு நூற்றாண்டுக்குப் பின் நெட்டலைக்குத் திரும்பினர். இம்முறை அவர்களைக் கட்டுப்படுத்திய எண் வேறுவகைப்பட்டது. எல்லாத் திசையிலும் சமமாகக் கதிர்வீசும் கற்பனை ஆன்டெனாவுக்கு ஈடாகக் கணக்கிடும் திறன் 1 வாட்டை மிஞ்சக்கூடாது. 472 கிலோஹெர்ட்ஸ் பட்டையில் குறிப்பிட்ட நாடுகளின் எல்லையிலிருந்து 800 கிலோமீட்டருக்கு அப்பால் 5 வாட் வரை அனுமதிக்க வழி உண்டு.

7. ஏரிப்படுகை மண்ணும் 1 வாட்டும்

1978 விதிகளின் பட்டியலில் மிகத் தாழ்ந்த அமெச்சூர் பட்டை 1820 முதல் 1860 கிலோஹெர்ட்ஸ் வரையிலானது. அதன் அலைநீளம் சுமார் 160 மீட்டர். கால் அலைநீள ஆன்டெனாவுக்கு 40 மீட்டர் உயரம் வேண்டும். தியாகராய நகரின் மனையில் அதுவே அரிது. 137 கிலோஹெர்ட்ஸில் அலைநீளம் ஏறத்தாழ 2190 மீட்டர். அதன் கால் பங்கு 547 மீட்டர். அத்தகைய கோபுரத்தைக் குடியிருப்புப் பகுதியில் எண்ணிப்பார்க்கவும் இயலாது. ஆகவே நெட்டலையில் இயங்கும் வீட்டு ஆன்டெனா எப்போதும் மிகக் குட்டையானதே.

நிலத்திலிருந்து மாடியளவு ஏறி, மேலே கிடையாகப் பரப்பிய கம்பியின் செயல்படு உயரம் 15 மீட்டர் எனக் கொள்வோம். 137 கிலோஹெர்ட்ஸில் அதன் கதிர்வீச்சுத் தடை 0.07 ஓம் அளவே. மண்ணிலும் சுருளிலும் இழப்புத் தடை 70 ஓம் எனக் கொண்டால், ஊட்டப்படும் திறனில் ஏறத்தாழ ஆயிரத்தில் ஒரு பங்கே அலையாக வெளியேறும், எஞ்சியது வெப்பமாகும். நிலத்தின்மீது நிற்கும் குட்டை ஆன்டெனாவின் திசைப்பெருக்கம் 3 ஆதலால், 1 வாட் வரம்பை எட்டுவதற்கு மூன்றில் ஒரு வாட் கதிர்வீசினால் போதும். அதற்கு ஊட்ட வேண்டிய திறன் 300 வாட்டுக்குச் சற்று மேல். 1978 விதிகளின் உயர்நிலைத் திறன் வரம்புக்கும் 2007 மாநாட்டின் 1 வாட் வரம்புக்கும் இடைவெளி மலைக்கும் மடுவுக்கும் உள்ளதாகத் தோன்றினும், இத்தகைய மாடிக் கம்பியில் அவை நெருங்கி வருகின்றன.

இக்கணக்கில் மண்ணின் பங்கு பெரிது. ஈரம் காக்கும் மண்ணில் மின்னோட்டம் எளிதாகப் பரவும். இழப்புத் தடை குறையும். இழப்பு பாதியானால் தேவையான திறனும் பாதியாகும். ஏரிப் படுகையில் எழுந்த குடியிருப்பு என்னும் நகர வரலாற்றுச் செய்தி இங்கு வானொலிப் பொறியியலின் ஒரு காரணியாகிறது. எனினும் தூர்த்த மண்ணும், கட்டடங்கள் மூடிய பரப்பும், ஆழத்தில் இறங்கிய நிலத்தடி நீரும் அப்பயனைக் குறைக்கக்கூடும்.

மற்றொரு காரணி இரைச்சல். வணிக வீதிகள் சூழ்ந்த பகுதியில் எல்.இ.டி. விளக்குகளும் மின்னேற்றிகளும் மின்தூக்கிகளும் தாழ் அதிர்வெண்களில் இடையறாது இரைகின்றன. வெப்பமண்டல இடிமின்னலின் இரைச்சலும் நெட்டலையில் கடுமையானது. கோடை இடிமழையிலும் வடகிழக்குப் பருவமழையிலும் அது உச்சம் பெறும். மின்னலின் இரைச்சல் கணநேரத் துடிப்பாக வருவது. 0.1 நொடிப் புள்ளியை ஒரு மின்னல் முற்றாக அழித்துவிடும். 30 நொடிப் புள்ளியில் அது சிறு வடுவை மட்டுமே விட்டுச்செல்லும். இத்தகைய சூழலில் மெதுவாக அனுப்புவது வசதிக்குறைவை ஈடுசெய்யும் வழியாகிறது. நிலமும் கோபுரமும் இல்லாதவரிடம் எஞ்சியிருக்கும் செல்வம் காலமே.

8. மறுப்புகளும் மதிப்பீடும்

இவ்வாதத்துக்கு எதிராக மூன்று கருத்துகள் கூறப்படலாம். முதலாவது, தேர்வு வேகம் என்பது அனுப்பும் வேகத்தைக் கட்டாயப்படுத்தவில்லை. 12 சொல் தேர்ச்சி பெற்றவரும் 5 சொல் வேகத்தில் அனுப்பலாம். இது உண்மை. ஆனால் மெதுவாக அனுப்பவே விரும்புபவர்கூட 50 வாட்டைக் கடக்க வேண்டுமாயின் விரைவாகக் கேட்கும் தேர்வில் வென்றாக வேண்டும். நெட்டலைக் குட்டை ஆன்டெனாவுக்கு 300 வாட் தேவைப்படுபவர் இம்முரணில் நேரடியாகச் சிக்குகிறார். அவர் வெளியிடும் அலை 1 வாட் அளவே. அவர் அனுப்புவது மணிக்கு இரண்டு மூன்று சொற்களே. ஆயினும் அவருடைய தகுதி அளக்கப்படுவது நிமிடக் கணக்கில்.

இரண்டாவது, மெது மோர்ஸ் அவசரக் காலத்துக்கு உதவாது. இதுவும் ஏற்கத்தக்கதே. 2004 டிசம்பர் 26 அன்று ஆழிப்பேரலை தாக்கியபோது போர்ட் பிளேரில் இருந்த பாரதி பிரசாத் தலைமையிலான அமெச்சூர் குழு அந்தமானிலிருந்து செய்திகளை வெளியுலகுக்குச் சேர்ப்பித்தது. ஒரு சொல்லுக்கு 25 நிமிடம் ஆகும் முறை அங்கு பயன்பட்டிராது. விரைவுக்கும் பேராற்றலுக்கும் உரிய இடம் உண்டு. வினா அவற்றின் தேவையைப் பற்றியதன்று. ஒன்றை மற்றொன்றுக்கு நுழைவுச்சீட்டாக்கியதைப் பற்றியது.

மூன்றாவது, மோர்ஸ் தேர்வு ஒழுக்கத்தையும் பொறுமையையும் வளர்த்தது. வானொலியாளர் பலர் இதனைப் பற்றுடன் சொல்வர். 30 நொடிப் புள்ளிக்காக இரவு முழுவதும் திரையைக் கண்காணிப்பவரிடமும் அப்பொறுமை உண்டு. அதனை அளக்கும் தேர்வு எதுவும் விதிகளில் இல்லை.

இந்த நூற்றாண்டின் முதல் பத்தாண்டில் விதிகள் தளர்ந்தன. தேர்வு வேகம் 12 சொல்லிலிருந்து 8 சொல்லாகக் குறைந்தது. உரிமங்கள் பொதுநிலை, வரையறுக்கப்பட்ட நிலை என இரண்டாகச் சுருங்கின. வரையறுக்கப்பட்ட நிலைக்கு மோர்ஸ் தேவையில்லை. 50 வாட் வரை அனுமதி. பொதுநிலைக்கு 8 சொல் தேர்ச்சியும் 400 வாட் வரம்பும். படிகள் குறைந்தன, ஏணி அகலவில்லை. வேகத்துக்கும் திறனுக்குமான முடிச்சு, சற்றே தளர்ந்த நிலையில், அப்படியே தொடர்ந்தது. 2013 ஜூலையில் இந்தியத் தந்திச் சேவை நிறைவுற்றபோது மோர்ஸை அன்றாடத் தொழிலாக வளர்த்த நிறுவனமும் வரலாறாயிற்று.

9. முடிவுரை

மேற்கண்ட ஆய்வு வழி மூன்று முடிவுகள் பெறப்படுகின்றன. முதலாவது, 1978 விதிகளின் முதல் இரு நிலைகளுக்கிடையே இருந்த மும்மடங்குத் திறன் வேறுபாடு, தேர்வு வேகத்தோடு இணைத்துக் கணக்கிடும்போது 12 ஜூலுக்கும் 15 ஜூலுக்கும் இடையிலான சிறு வேறுபாடாகச் சுருங்குகிறது. இரண்டாவது, செவி ஏற்பியாக இருந்த காலத்தின் எல்லைக்குள் அவ்வேணி வகுக்கப்பட்டது. கணினித்திரை ஏற்பியானதும் அதன் அடிப்படை நீங்கியது. மூன்றாவது, நெட்டலைப் பட்டைகளுக்கு உலக மாநாடுகள் வகுத்த 1 வாட் வரம்பு, வெளியேறும் அலையையே அளக்கிறது; இயக்குபவரின் கைவேகத்தை அளப்பதில்லை. குறுக்கீட்டைத் தடுப்பதே திறன் வரம்பின் நோக்கமாயின் பின்னதே அந்நோக்கத்துக்குப் பொருத்தமான அளவுகோல்.

1924இல் 40 வாட்டில் தொடங்கிய நகரம் சென்னை. நூறாண்டுக்குப் பின் அந்நகரத்தின் ஒரு மாடியிலிருந்து ஒரு வாட்டும் குறைந்த அளவில் கடலைக் கடக்க இயலும் என்பதை மெது மோர்ஸ் காட்டுகிறது. அதற்கு வேண்டுவன நிலைத்த அதிர்வெண்ணும் நீண்ட இரவும். இவற்றையும் தகுதியாக ஏற்கும் விதி எவ்வாறு அமைய வேண்டும் என்பது தொடர்ந்து ஆராயத்தக்கது.